பணியும் பணிவும்

கங்காணி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தோட்டத்துத் தமிழர் உள்ளத்தில் எழும் உருவம் யாது? தலையிலே பாகை, முறுக்கிய மீசை, கையிலே பிரம்பு. அவன் வரும் திசை கண்டு லயத்து வாசலினின்று எழுந்து ஒதுங்கி நிற்கும் எளிய மக்கள். பாட்டன்மார் சொல்லக் கேட்டு நம்மிடம் வந்து சேர்ந்த உருவம் அது. தன் ஊரிலும் தன் உறவிலுமே ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றி வந்த அக்கங்காணிக்கு, நாள்தோறும் வேலைக்கு இறங்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. ஆள் நோயில் படுத்தால் அவன் வருவாயும் உடன் படுத்துவிடும். ஆதலின் அவன் எண்ணியது தலைகளையேயன்றி மனிதரை அன்று. 1938-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறையும் அழிந்தது. சொல் மட்டும் இன்னும் அழியவில்லை.

இச்சொல்லே தமிழ் வேதாகமத்திலும் இருக்கின்றது என்பதை நம்மவருள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? ஆதித் திருச்சபையில் மேய்ப்பராய் நின்ற பெரியோரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத் தமிழில் பெயர்த்த அறிஞர், 'கண்காணி' என்றே எழுதினர். பேராயர் என்று இன்று நாம் வழங்கும் உயர்ந்த பதவிக்கு மூலமான சொல் அதுவே. அவர்க்குத் துணையாய் நின்ற ஊழியரை 'உதவிக்காரர்' என்றனர். கண்காணி எவ்வாறு கண்காணிக்க வேண்டும் என்பதையும் பேதுரு அப்போஸ்தலர் தம் முதல் நிருபத்தில் விளக்கியிருக்கின்றார். பிறர் நெருக்குதலால் அன்றி உவந்து செய்ய வேண்டும். வருவாயை நோக்கி அன்றி ஆர்வத்தால் செய்ய வேண்டும். மந்தையின்மேல் ஆண்டையாய் அமராது அதற்கு முன்மாதிரியாய் நடக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். ஒரு சொல், இரு மனிதர். நம் சபைகளிலும் சங்கங்களிலும் தலைமை நாற்காலியில் வீற்றிருப்பவர் இவ்விருவருள் யாவர் என்பதே இன்று என் மனத்தை அறுக்கும் கேள்வி.

பிறரைக் குறை கூறி இக்கட்டுரையைத் தொடங்குதல் எனக்கு எளிது. ஆண்டுக் கூட்டங்களில் தலைவர் பதவிக்கு நடக்கும் போரையும், மாலை சிறிதாய்ப் போயிற்று என்று முகம் வாடிய பிரமுகரையும், ஒரு மூட்டை அரிசி கொடுக்க ஒன்பது படம் பிடித்துக்கொள்ளும் தர்மவான்களையும் நேயர்கள் நன்கு அறிவர். ஆனால் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவன் நானே.

தாப்பாவை அடுத்த தோட்டமொன்றில் நான் கிராணி. ஆங்கிலத்தில் படித்தவன், ஆங்கிலத்தில் கடிதம் வரையத் தெரிந்தவன். எங்கள் தோட்டத்தில் தகரக் கூரை வேய்ந்த சிறு ஜெபக்கூடம் ஒன்று உண்டு. பால்வெட்டுக் காலத்தில் நிறைந்திருந்த அக்கூடத்தில், செம்பனை வந்து, மக்கள் பலரும் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபோன பின்னர், ஞாயிறுதோறும் முப்பது பேர் கூடினால் மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன் அச்சிறு சபைக்கு என்னைச் செயலாளனாகத் தெரிந்தெடுத்தனர். என் தகுதி யாதெனில், கணக்கெழுதத் தெரியும் என்பதே. நானோ, என் மேன்மையைக் கண்டு கொடுத்தனர் என்று மகிழ்ந்தேன். ஆபீஸ் மேசையின் குணத்தை அப்படியே ஜெபக்கூடத்துக்குள் தூக்கிவந்தேன். எதற்கும் கடிதம், எதற்கும் அனுமதி, என் கையொப்பமின்றி ஒரு மெழுகுவத்தி எரியக் கூடாது. கூடத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளையாக ஒரு மூதாட்டி இருந்தார். பால்வெட்டி ஓய்வு பெற்றவர். முன்வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி துடைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைத் துடைப்பவர் அவரே என்பதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று, கிறிஸ்து தம் சீஷரின் கால்களைக் கழுவிய வரலாற்றை நாங்கள் வாசிப்பதுண்டு. நானே அதைப் பலமுறை உரத்த குரலில் வாசித்திருக்கிறேன். அந்த இரவின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். மறுநாள் மரணம் என்று அறிந்த ஆசிரியர் ஒருபுறம். தம்முள் யார் பெரியவன் என்று வழக்காடும் மாணவர் மறுபுறம். புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அக்காலத்தில் வீட்டின் கடைசி அடிமைக்குரிய வேலை. அவ்வேலைக்கு அங்கே ஆளில்லை; எழுந்து செய்ய எவனுக்கும் மனமில்லை. அப்போது தலைவரே எழுந்தார். மேலாடையைக் கழற்றி வைத்தார். துண்டை இடுப்பில் கட்டினார். தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்தார். பேதுரு தடுத்தான். அவன் தடுத்தது பணிவினாலோ, அன்றித் தலைவன் குனிந்தால் தானும் ஒருநாள் குனிய நேரிடும் என்ற அச்சத்தினாலோ, யார் அறிவார்? தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனும் அப்பந்தியிலே இருந்தான். அவனுடைய கால்களை மட்டும் ஆண்டவர் விலக்கிவிடவில்லை. தகுதி பார்த்துச் செய்வது கைம்மாறு; தகுதி பாராது செய்வதே தொண்டு.

இது பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கும் முந்திய கதை, நம்மால் ஆகுமோ என்று கேட்பவர்க்கு நம் தமிழ்நாட்டு மனிதர் ஒருவரைக் காட்டுவேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமப் போதகரின் மகனாய்ப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாய்த் தென்னாடெங்கும் சுற்றிவந்தார். 1902-ம் ஆண்டில் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழர் தம் சொந்தப் பொருளைக் கொண்டே தமிழகக் கரைக்கு ஊழியரை அனுப்பிவருவதைக் கண்டு நாணினார். அந்நாணமே அடுத்த ஆண்டில் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமாய் முளைத்தது. சங்கம் அமைத்துப் பிறரைப் போகச் சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். நம்மவர் வழக்கம் அது. அவரோ 1909-ம் ஆண்டில் உத்தியோகத்தைத் துறந்து, நைஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்குத் தாமே சென்றார். மொழி வேறு, தெலுங்கைக் கற்றார். தீண்டத்தகாதவர் என்று ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்டிருந்த மாலரிடையும் மாதிகரிடையும் மாட்டுவண்டியில் ஊர் ஊராய்ச் சென்றார்.

1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் அவர் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவிக்கு உயர்ந்த முதல் இந்தியர் அவரே. 'கண்காணி' என்னும் சொல்லின் உண்மைப் பொருளில் ஒரு தமிழர் கண்காணியானார்! பதவி வந்தபின் மாட்டுவண்டி நின்றதா? இல்லை. 1945-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் உயிர் பிரியும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், அதே தோர்ணக்கல்லே அவர் இருப்பிடம். அதே எளிய மக்களே அவர் சபை. சபைக்குள் சாதி புகலாகாது என்பதில் அவர் உறுதியாய் நின்றார். கடலைக் கடந்தும் சாதியைக் கடவாத நம்மவர் இதனை நினைவில் வைப்பாராக. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற்று, வீட்டுக்கு வந்தபின் சம்பந்தம் பேசும்போது மட்டும் குலம் விசாரிக்கும் கிறிஸ்தவர் இன்றும் நம்மிடையே இல்லையா?

இவ்விடத்தில் இவ்விதழின் நேயர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். "பணிவு, பணிவு என்று நூறு ஆண்டுகளாக எங்களுக்குப் போதித்தது போதாதா? துரைக்குப் பணி, கிராணிக்குப் பணி, கங்காணிக்குப் பணி என்று எங்கள் முதுகெலும்பை வளைத்தாயிற்று. இனி மதத்தின் பெயராலும் வளைக்கவோ?" என்பது அக்கேள்வி. இது நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறாத கிறிஸ்தவப் பிரசங்கம் ஏழைக்கு எதிரான பிரசங்கமேயாகும்.

தமிழில் 'பணி' என்பது தொழிலையும் தொண்டையும் குறிக்கும். அச்சொல்லே குனிந்து வணங்குதலையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் ஒன்றாகக் குழைத்து, வேலை செய்பவன் குனிந்தே நிற்க வேண்டும் என்று விதித்தது ஆண்டைகளின் தந்திரம். கிறிஸ்து குனிந்த இடத்தை மீண்டும் பாருங்கள். அவர் குனிந்தது தமக்குக் கீழ்ப்பட்டவர் முன்னே. பிலாத்துவின் முன்னே அன்று. மேலிருப்பவன் கீழிறங்குவதே பணிவு. கீழிருப்பவனை மேலும் அழுத்துவது கொடுமை. கிறிஸ்தவ வேதம் பணிவை முதலில் கேட்பது பிரம்பு பிடித்தவனிடத்தில். பிரம்படி பட்டவனிடத்தில் அன்று. ஊழியம் உவந்து செய்வதாயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பொருளும் இதுவே. உவப்பு இல்லாத ஊழியம் அடிமைத்தனம்.

அசரியாவும் இதனைத் தம் வாழ்வில் காட்டினார். 1910-ம் ஆண்டில் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மகாநாடு கூடியது. அம்மேடையில் ஏறிய அவர், ஐரோப்பிய மிஷனெரிமார் இந்திய ஊழியரைச் சமமாய் நடத்தாத குறையை அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். உங்கள் பொருளையும் உயிரையும் எங்களுக்காகத் தந்தீர்கள். நட்பைத் தாருங்கள் என்னும் கருத்துப்பட வேண்டினார். மாலர் குடிசையில் குனிந்து நுழைந்த மனிதரே பெரியோர் மகாநாட்டில் நிமிர்ந்து நின்றார். பணிவுடையவன் கோழையல்லன்.

இன்னும் அருகே ஒரு சான்று வேண்டுமாயின் நம் பேராக்கிலேயே உண்டு. ஈப்போவுக்கும் பத்துகாஜாவுக்கும் அணித்தாய்ப் பாப்பான் என்று ஒரு பழைய ஈயச் சிற்றூர் இருக்கின்றது. தாப்பாவிலிருந்து வடக்கே சென்றால் ஏறக்குறைய ஒருமணி நேரப் பயணம். அங்கே பிரதான வீதியில் 74-ம் எண் வீட்டில்தான் சிபில் கார்த்திகேசு அம்மையார் யுத்த காலத்தில் வைத்தியசாலை நடத்தினார். 1899-ம் ஆண்டில் சுமத்ராவின் மேடான் நகரில் யூரேசியக் குடும்பத்தில் பிறந்தவர், தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்றவர், கத்தோலிக்க பக்தை. இலங்கைத் தமிழ் வழியினரான டாக்டர் கார்த்திகேசுவை 1919-ம் ஆண்டில் மணந்து, 1926-ம் ஆண்டு முதல் ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் கணவருடன் வைத்தியம் பார்த்துவந்தார். 1941-ம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியபோது குடும்பம் பாப்பானுக்குப் பெயர்ந்தது.

அவரை எவரும் தலைவியாய்த் தெரிந்தெடுக்கவில்லை, மாலையிடவில்லை, பட்டமளிக்கவில்லை. பிணியாளர் கதவைத் தட்டினர், அவர் திறந்தார். அவ்வளவே. சீன மொழியாகிய காண்டனீஸை நன்கு பேசுவார். நாளடைவில் ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்டவரும் காயங்களோடு இரவில் வந்து தட்டினர், அவர்க்கும் திறந்தார். தடை செய்யப்பட்ட ரேடியோவில் லண்டன் செய்திகளைக் கேட்டு மக்களுக்குத் தைரியம் ஊட்டினார். 1943-ம் ஆண்டில் கெம்பெத்தாய் என்னும் இராணுவப் போலீசார் குடும்பத்தைச் சிறைப்பிடித்தனர். அம்மையாரைச் சொல்லொணாத சித்திரவதைக்கு உள்ளாக்கினர், முதுகெலும்பு பழுதுற்றது. அவருடைய சிறு மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டுவதாய் அச்சுறுத்தியபோதும், தம்மை நம்பி வந்தவரை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. பத்துகாஜாச் சிறையிலிருந்து 1945-ம் ஆண்டில் விடுதலை பெற்றபோது அவரால் எழுந்து நடக்க இயலவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் அளிக்கப்பட்டது. 1948-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கேயே காலமானார். மறு ஆண்டில் அவருடலை ஈப்போவுக்குக் கொணர்ந்து, மிக்கேல் சம்மனசு ஆலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்தனர். அவர் சொல்லிச் சென்ற வரலாறு 1954-ம் ஆண்டில் லண்டனில் ஆங்கில நூலாய் வெளிவந்தது. பிணியாளர் புண்ணைக் கழுவக் குனிந்த முதுகு, கொடுங்கோலன் முன் வளைய மறுத்து முறிந்தது. பணிவைக் கோழைத்தனம் என்பார் இதற்கு என்ன சொல்வர்?

இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. பாப்பானுக்குச் சென்று அவ்வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். வாலிபர் கூட்டத்தில் அம்மையாரைப் பற்றிப் பேசிக் கைதட்டலும் பெற்றிருக்கிறேன். ஆயினும் அறிவு வேறு, நடப்பு வேறு என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் கோயில்பிள்ளை அம்மையாரே.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி முதல் தொற்றுநோயை முன்னிட்டு நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கடுத்த ஆண்டில் ஒருநாள், எங்கள் தோட்டத்தில் வங்காள தேசத்து ஆட்கள் தங்கும் கொங்சி வீட்டில் நோய் கண்டு, வேலி கட்டி அடைத்துவிட்டனர். உள்ளே இருந்தவர் பதினெண்மர். அரிசி வர வேண்டிய லாரி இரண்டு நாள் வரவில்லை. சபை நிதியில் பணம் இருந்தது. போதகர் வெளியூரில் அகப்பட்டுக்கொண்டிருந்தார். ஆதலின் முடிவு செய்ய வேண்டியவன் நான். என்ன செய்தேன்? தொலைபேசி வழியே கமிட்டியைக் கூட்டினேன். அவர் நம் சபையார் அல்லர், நம் மதத்தாரும் அல்லர்; சட்ட விதி என்ன சொல்கிறது; நிதியைத் தொட ஆண்டுக் கூட்டத்தின் அனுமதி வேண்டுமன்றோ என்றெல்லாம் ஒருமணி நேரம் பேசினோம். இறுதியில், 'பரிசீலிக்கப்படும்' என்று நடவடிக்கைக் குறிப்பில் அழகாய் எழுதினேன்.

மறுநாள் காலை ஆபீசுக்குச் செல்லும் வழியில், வேலியோரம் அரிசி மூட்டையொன்றும், பருப்பும், வெங்காயமும், உப்பும் இருக்கக் கண்டேன். விசாரித்தேன். கோயில்பிள்ளை அம்மையாரும் லயத்துப் பெண்கள் இருவரும் தம் வீடுகளிலிருந்து திரட்டியது என்றார்கள். எனக்குச் சினம் வந்தது. இன்று எண்ணினாலும் வெட்கமாயிருக்கிறது. பசித்தவர்க்குச் சோறு கிடைத்ததே என்று மகிழ்ச்சி வரவில்லை, சினமே வந்தது! அம்மையாரை அழைத்து, "யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை, அஞ்சவும் இல்லை. "கேக்கணும்னு தோணலிங்க ஐயா. அரிசி தீந்துபோச்சுன்னு வேலிகிட்ட நின்னு சொன்னாங்க. நம்ம வீட்டுல இருந்துச்சு" என்றார். சற்று நின்று, "கஞ்சியாக் காய்ச்சிக் குடுக்கலாம்னுதான் நெனச்சோம். நம்ம சட்டியில ஆக்குனது அவங்களுக்கு ஆகுமோ ஆகாதோன்னு கேட்டுட்டு, அரிசியாவே வச்சிட்டோம்" என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். ஒருமணி நேரக் கூட்டத்தில் எங்களுள் எவருக்கும் தோன்றாத கேள்வி அது. கொடுப்பதற்கு யாரிடம் அனுமதி பெறுவது என்று நாங்கள் கேட்டோம். பெறுபவர்க்கு எது ஏற்கும் என்று அவர் கேட்டார். கைநாட்டு வைக்கும் அம்மூதாட்டி பேதுருவின் நிருபத்தை வாசித்தவர் அல்லர்; அதன்படி நடந்தவர். அதை நன்றாய் வாசிக்கத் தெரிந்த நான்தான், தலைகளை எண்ணும் பழைய கங்காணியாய் நின்றேன். நம் பாட்டன்மார் வந்தது போலவே கடன்பட்டுக் கடல் கடந்து வந்த பிறநாட்டு ஏழைகளுக்கு இன்று நாமே கங்காணிகள் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை என் வீட்டிலிருந்தும் ஒரு மூட்டையைச் சுமந்து சென்றேன். அம்மையார் என்னைப் புகழவில்லை, வியக்கவும் இல்லை. "அங்க வைக்காதீங்க ஐயா, எறும்பு ஏறும், கல்லு மேல வையுங்க" என்று மட்டும் சொன்னார். பத்து நாட்கள் அவர் சொன்ன இடத்தில் வைத்து, அவர் சொன்ன நேரத்தில் வந்தேன். அந்நாட்களில் எங்கள் சபையின் தலைமை எங்கே இருந்தது என்று கேட்டால், என் மேசையில் இல்லை, அவ்வேலியோரத்துக் கல்லின் அருகே இருந்தது என்பேன். சபை நிதியும் பின்னர் திறந்தது; எங்கள் பரிசீலனை முடிந்தபோது கொங்சி வேலியும் அவிழ்ந்துவிட்டது.

இதனால் நான் ஒரே நாளில் நல்லவனாகிவிட்டேன் என்று நேயர்கள் கருத வேண்டா. கையொப்ப ஆசை இன்னும் என்னை விட்டபாடில்லை. ஆயினும் எங்கள் சபையில் ஒரு சிறு மாற்றம் செய்துகொண்டோம். கமிட்டியில் பதவி வகிப்போர் யாவரும் முறை வைத்து ஜெபக்கூடத்தைப் பெருக்குவது என்பதே அது. முதல் ஞாயிறு என் முறை. மூலையிலிருந்து வாசலுக்குப் பெருக்கினேன். வாசலிலிருந்து வீசிய காற்று குப்பையை மீண்டும் உள்ளே தள்ளியது. அம்மையார் சிரித்தார், சன்னலைச் சாத்திவிட்டுப் பெருக்க வேண்டும் என்று கற்பித்தார். நாற்பது ஆண்டு அவர் செய்த வேலையிலும் ஒரு கல்வி உண்டு என்று அறிந்தேன்.

அன்பர்களே, நம் சமூகத்துக்குத் தலைவர்கள் இல்லை என்று மேடைதோறும் முழங்குகின்றனர். தலைவர்களுக்குக் குறைவில்லை, நாற்காலிகளுக்குத்தான் குறைவு! ஆலயமாயினும் கோயிலாயினும், சங்கமாயினும் பள்ளியாயினும், தலைமைக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்கும் நாளில் அவர் பேச்சைக் கேட்க வேண்டா. அவர் யார்முன் குனிகிறார், யார்முன் நிமிர்கிறார் என்று பாருங்கள். எளியவர்முன் நிமிர்ந்து வலியவர்முன் குனிபவராயின், அவர் பழைய கங்காணியே. பிரம்பு மட்டும் கையில் இல்லை. எளியவர்முன் குனிந்து வலியவர்முன் நிமிர்பவராயின், மாலை போடுங்கள். அவர் பெரும்பாலும் அதற்கு நிற்கமாட்டார்; எங்கேனும் பெருக்கிக்கொண்டிருப்பார்.